நாச்சிக்கரட்டில் ஒரு சிவப்புப் பனியன்

ஓடைக்காட்டுப்பட்டிக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளிக் கிடந்த நாச்சிக்கரடு என்கிற மலை, ஊரைப் பார்த்து நகர ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவள் மங்கையர்க்கரசிதான். சாமி வந்து சொல்லவில்லை, கனவிலும் வரவில்லை, அவள் வீட்டு அடுப்படிச் சன்னல் கம்பிதான் காட்டிக் கொடுத்தது. நெடுக்கில் ஆறு, குறுக்கில் நான்கு என்று கம்பி வைத்த பழைய சன்னல் அது. பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்டுப் படம் வரையப் பழகியவள் அரசி. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்த மறுநாளே, ஒரு மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து யாரோ தனக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டாள். அன்றையிலிருந்து பதினோரு வருஷமாக, விடிந்ததும் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கிழக்கு வெயில் மலையின் முகத்தில் விழும் அந்த இரண்டு மணி நேரமும் அவள் வரைந்தது நாச்சிக்கரட்டை மட்டும்தான்.

மழையில் நனைந்து கறுத்த கரடு, மாசிப் பனியில் இடுப்புவரை மறைந்த கரடு, வெயிலில் வெந்து செம்மண் நிறமான கரடு என்று வரைந்ததெல்லாம் டவுனில் இருக்கும் சலீம் பாயின் கண்ணாடிக்கடைக்குப் போய், சட்டம் மாட்டிக்கொண்டு, கோடைக்கு ஜனம் போகிற பெரிய மலைமேல் இருக்கிற லாட்ஜு அறைகளில் கட்டிலுக்கு மேலே தொங்கின. சலீம் பாய் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஆடு இருக்கலாம், மாடு இருக்கலாம், ஆள் மட்டும் வேண்டாம். ரூம் போட்டுத் தங்க வருகிறவன் மனுஷன் முகம் பார்த்துச் சலித்துத்தான் மலைக்கு வருகிறான் என்பது அவருடைய கட்சி. அரசிக்கும் அது தோதாக இருந்தது. விறகு பொறுக்குகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், கோயிலுக்கு ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் கட்டத்தை விட்டு விலகும்வரை தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

கரட்டின் உச்சி மேலிருந்து இரண்டாவது குறுக்குக் கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும். பதினோரு வருஷமும் அங்கேதான் நின்றது. ஒரு தை மாதத்துக் காலையில் பார்த்தால் அது கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தான்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறோமோ என்று அரசி முதுகைத் தளர்த்திப் பார்த்தாள். முக்காலியின் கால் ஏதும் தேய்ந்துவிட்டதா என்று கவிழ்த்துப் பார்த்தாள். நாலாம் நாள் உச்சி கம்பியைத் தாண்டி ஒரு விரல் மேலே போய்விட்டதும், மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். தவமணி ஆச்சரியப்படவில்லை. அவனும் நினைத்தானாம், நாலு நாளாக அடிவாரம் சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று.

தவமணி நூல் மில்லில் ஃபிட்டர். பேச்சு கம்மி, கால் மட்டும் சும்மா இருக்காது. நாலு வருஷமாக விடிந்தும் விடியாமல் ஒரு சிவப்புப் பனியனை மாட்டிக்கொண்டு நாச்சிக்கரட்டுக்கு ஓடி, ஏறி, இறங்கி, வீட்டுக்கு ஓடி வந்து, குளித்து, ஆறு இட்லி தின்றுவிட்டு எட்டரை மணி ஷிஃப்டுக்குப் போகிறவன். எதற்கு ஓடுகிறாய் என்று ஊரில் கேட்டால் உடம்புக்கு நல்லது என்பான், உடம்புக்கு என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.

மலை வருகிறது என்ற சேதியை ஊர், ரோடு போட வருகிறார்கள் என்பதைப் போல எடுத்துக்கொண்டது. முதலில் அதன் பாதையில் மாட்டியது கருத்தபாண்டியின் வெங்காயக் காடு. கரடு மெல்ல மெல்ல அதன்மேல் ஏறி உட்கார்ந்தது, ஒரு வாரம் கழித்துப் பின்பக்கம் பார்த்தால் காடு அப்படியே வெளியே கிடந்தது. ஒரு வெங்காயத் தாள் மடங்கவில்லை, சொட்டுநீர்க் குழாய் பிசகவில்லை. மோட்டார் ரூம் பூட்டோடு போய்ப் பூட்டோடு வந்தது. உள்ளே படுத்திருந்த நாய் ஐந்தாம் நாள் வெளியே வந்து சோம்பல் முறித்துவிட்டுக் கஞ்சி தேடிப் போனது. அதைப் பார்த்தபிறகு யாருக்கும் பயம் இல்லை. காட்டுக்குப் போகக் கரட்டைச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்பது ஒன்றுதான் கருத்தபாண்டிக்கு மனக்குறை. ஊராட்சித் தலைவர் மனுக் கொடுத்து ஒரு சர்வேயர் வந்தார், சங்கிலி பிடித்து அளந்தார், கரடு புறம்போக்கு என்றும் புறம்போக்கு நகரக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்றும் எழுதி வைத்து, கோழிக்குழம்புச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மேற்கே இருக்கும் மலை கிட்டே வரவர ஊருக்குச் சாயங்காலம் சீக்கிரம் வந்தது. நாலரை மணிக்கே கோழிகள் அடைந்தன, நாலு மணிக்கே திருவிளக்கு ஏற்றினார்கள், பள்ளிக்கூடத்தில் கடைசி மணி ஒன்றைக் குறைத்தார்கள். வெயில் கம்மியான ஊர் என்று பேர் பரவி, ரொம்ப நாளாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்களுக்கு வெளியூரிலிருந்து பெண் கொடுத்தார்கள். கரட்டு உச்சியில் கோயில் வைத்திருந்த முழங்கால் வலிப் பூசாரிக்குத்தான் வாய் கொள்ளாத சிரிப்பு.

மலை ஏன் வருகிறது என்று ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. நாலு வருஷமாக ஒருத்தன் நாள் தவறாமல் அதன்மேல் ஓடுகிறான், அந்தக் காலுக்கு ஆசைப்பட்டு வருகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இதை வாய்விட்டுச் சொன்னவள் தவமணியின் அண்ணன் பெண்டாட்டி வெயிலாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "ஏ அரசி, ஒஞ் சக்களத்தி நேத்து புளியந்தோப்பு வரைக்கும் வந்துட்டாளாமே, ஆரத்தி கரைச்சு வச்சிட்டியா?" என்றாள். குழாயடியே சிரித்தது. அரசியும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, குடத்தை இறக்கி வைத்த இடத்திலேயே நின்று சன்னலைப் பார்த்தாள். நாச்சி என்று பெண் பேர் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவளுக்கு அதுவாகவே தெரிந்தது. பனியனை அலசும்போது மஞ்சம்புல் வாசம் அடித்தது. சோப்பை இரண்டு தடவை போட்டுக் கும்மினாள், வாசம் போகவில்லை. முழங்காலில் கீறலோடு வந்தால் யார் கீறியது என்று கேட்கத் தோன்றியது. மகள் பிரதீபாவுக்கு அவன் மலையிலிருந்து சீத்தாப்பழமும் முள்ளம்பன்றி முள்ளும் கொண்டுவந்து கொடுத்தால், அவள் வீட்டுச் சீரை நம் பிள்ளைக்குக் கொண்டுவருகிறான் பார் என்று வயிறு எரிந்தது. எரிச்சலுக்கெல்லாம் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. மலை கிட்டே வந்ததால் அவனுக்குப் போய்வரும் தூரம் குறைந்தது அல்லவா, அந்த மிச்ச நேரத்தை வீட்டுக்குக் கொடுப்பான் என்று அவள் நம்பியிருந்தாள். அவன் அதையும் மலைக்கே கொடுத்தான். முன்பு ஒரு மணி நேரத்தில் திரும்பியவன் இப்போது இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம்வரை ஆளைக் காணோம். இப்படியே போனால் ஒருநாள் அவன் இறங்கி வராமலே இருந்துவிடுவான் என்று அரசி பயந்தாள். அந்தப் பயத்தோடுதான் எழுந்தாள், அந்தப் பயத்தோடுதான் மாவு கரைத்தாள்.

வரைவதையும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஆனால் கை வஞ்சம் வைத்துக்கொண்டது. கரட்டைச் சொட்டையாக வரைந்தாள், மூக்கில்லாமல் வரைந்தாள், பாறைகளை எல்லாம் சொறியாக வரைந்தாள். சலீம் பாய் படத்தைத் திருப்பி அனுப்பி, இந்த மலை நம்மை ஏதோ திட்டுகிற மாதிரி இருக்கிறது, கட்டிலுக்கு மேல் மாட்டினால் ஒருத்தனும் தூங்கமாட்டான் என்று சொல்லிவிட்டார்.

இதற்குள்ளே இன்னொரு பொறாமை இருந்தது, அதை அவள் வெயிலாளிடம்கூடச் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக அந்த மலையை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தவள் அவள். எந்தப் பாறை எத்தனை மணிக்கு நிறம் மாறும், எந்தப் பொந்தில் எந்த மாதம் பச்சை துளிர்க்கும் என்று பெற்ற தாயைப் போல அறிந்தவள் அவள். அப்போதெல்லாம் அசையாமல் கிடந்துவிட்டு, நேற்று வந்து நாலு வருஷம் மிதித்தவனுக்காகக் கிளம்பி வருகிறதே என்று நினைத்தால் அவளுக்குத் தாளவில்லை. மலைமேல் பொறாமையா, புருஷன்மேல் பொறாமையா என்று அவளுக்கே சில நாள் பிடிபடாமல் போயிற்று. ஆள் மாற்றி ஆள்மேல் எரிந்தாள்.

கரடு பக்கத்துத் தெருவின் குப்பைமேட்டைத் தாண்டிய அன்று அவள் வாயைத் திறந்துவிட்டாள். ஷூவை மாட்டிக்கொண்டிருந்த தவமணியின் முன்னால் போய் நின்று, அந்தக் கரட்டில் ஏறுகிற கால் இனி இந்த வீட்டுப் படி ஏறவேண்டாம் என்றாள். தவமணி அவளை ஏறிட்டுப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான், கயிற்றை முடிந்துகொண்டு ஓடிப்போனான். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். கால் பிசகிக் கணுக்கால் பணியாரம்போல் வீங்கியிருந்தது. அரசி அழுதுகொண்டே புளியும் உப்பும் கரைத்துப் பற்றுப் போட்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இனி மலை நின்றுவிடும் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. ஓடுகிற கால் கட்டிலில் கிடக்கிறது, மலைக்கு இங்கே என்ன வேலை? ஆனால் தவமணி படுத்துக் கிடந்த அந்த ஒன்பது நாளில் கரடு முன்னைவிட இரண்டு மடங்கு வேகமாக வந்தது. காலையில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, சாயங்காலம் இந்தப் பக்கம் இருந்தது. நலம் விசாரிக்க வந்தவர்கள் தவமணியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் மலையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரதீபாதான் தட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அப்பா ஓடவே இல்லையே, அப்ப யாரப் பாக்க வருது?" என்று கேட்டாள். அரசி அவள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

பத்தாம் நாள் விடிந்தபோது கரட்டின் அடி வந்து கொல்லையில் துவைக்கிற கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. அரசி பழக்கம் விடாமல் முக்காலியில் போய் உட்கார்ந்தாள். சன்னலின் முப்பத்தைந்து கட்டத்திலும் மலைதான் இருந்தது, வானத்துக்கு ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. இரண்டு மைல் தூரத்தில் வெறும் சாம்பல் நிறமாகவும் ஊதாவாகவும் தெரிந்ததெல்லாம் இப்போது கல்லாக, முள்ளாக, ஓணான் உட்கார்ந்த பாறையாகத் தெரிந்தது. அதற்கு நடுவே அவள் இதுவரை பார்க்காத ஒன்றும் தெரிந்தது. ஒரு ஒற்றையடித் தடம். காலால் மிதித்து மிதித்து வெள்ளையாகிப்போன தடம்.

கோயிலுக்குப் போகிற பாதை தெற்குப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். உச்சிக்கு ஓடுகிறவன் அந்த வழியாகத்தான் போகவேண்டும். இந்தத் தடம் உச்சிக்கே போகவில்லை. வீட்டைப் பார்த்த முகத்தில் வளைந்து வளைந்து ஏறி, நட்டநடுக் கட்டத்தில், சரியாக அவள் கண்ணுக்கு நேரே இருந்த ஒரு தட்டைப் பாறையில் போய் முடிந்துவிட்டது. பாறைக்கு மேலே புல் பாதமே படாமல் வளர்ந்து கிடந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அரசி கொல்லைக் கதவைத் திறந்தாள். துவைக்கிற கல்லில் கால் வைத்து, அதிலிருந்து மலையில் கால் வைத்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அதன்மேல் ஏறுவது அதுதான் முதல் தடவை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தடத்தைப் பிடித்துக்கொண்டே ஏறித் தட்டைப் பாறைக்கு வந்தாள். நடுவில் இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குப் பாறை வழவழப்பாக இருந்தது. அதில் தன் காலை வைத்துத் திரும்பினாள். எதிரே அவளுடைய அடுப்படிச் சன்னல் இருந்தது. அதற்குள் காலி முக்காலி இருந்தது.

சன்னலுக்கு ஓடிவந்த பிரதீபா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மாதிரியே நிக்கிறம்மா. அவரு கைய ஆட்டுவாரு, நீயும் ஆட்டு" என்றாள்.

அரசி கையை ஆட்டினாள். பிறகு இறங்கி வந்து, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தவமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவன் காலில் போட்ட பற்று காய்ந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாறையில நின்னு என்னா செய்வீங்க?"

"ஒண்ணுஞ் செய்யமாட்டேன். நிப்பேன்."

"எதுக்கு?"

தவமணி சுவரைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் பேசிய பெரிய பேச்சு இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். "நீ கண்ணத் தொறந்தா அதத்தான பாக்குற. பக்கத்துல நான் வந்து நின்னாக்கூட ரெண்டு மணி நேரத்துக்கு ஒனக்குக் கண்ணு தெரியாது. எனக்கு அந்தக் கரட்டக் கண்டாலே ஆகாது அரசி. அது மேல போயி நின்னா, அதப் பாக்குறப்ப கூடச் சேத்து என்னயும் நீ பாப்பன்னு நெனச்சேன். வெள்ளப் பனியன் பாறையோட பாறையாப் போயிருதோன்னு செவப்பு வாங்குனேன். நாலு வருசம் ஆச்சு. ஒரு படத்துலகூட என்னயப் போடல."

 பொய் சொல்லலாமா என்று அரசி ஒரு நிமிஷம் யோசித்தாள். தூரம், கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அவன் நம்பியிருப்பான். ஆனால் அவள் சொல்லவில்லை.

"தெரியாமலா? தெரியும். தெனமும் செவப்பா ஒரு புள்ளி வந்து நடுக் கட்டத்துல நின்னுக்கும். யாரு என்னன்னு நெனச்சதில்ல, நீங்க உச்சிக்குப் போயிருப்பீங்கன்னு இருந்தேன். மத்த ஆளுன்னா நகந்து போயிரும், இது நகராது. சலீம் பாய்தான் ஆள் வேணாம்னு சொல்லிருக்காரே. அதனால அந்த எடத்துல ஒரு கல்ல வரஞ்சு மூடிருவேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

நாலு வருஷம், நாளுக்கு ஒரு கல். தவமணி அதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தான் போல. முதலில் அவனுக்குக் கண் கலங்கியது, பிறகு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவும் அரசிக்கு அழுகை வந்தது. எத்தனை லாட்ஜுகளில், எத்தனை கட்டிலுக்கு மேலே, அவன் கல்லுக்குள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறானோ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளே பனியனை எடுத்து மாட்டிவிட்டு, கைக்கு ஒரு கம்பையும் கொடுத்து அனுப்பினாள். நொண்டி நொண்டி ஏறி அவன் பாறையில் நின்றான். அரசி வர்ணப் பெட்டியைத் திறந்தால் சிவப்பு ட்யூப் வாங்கிய மேனிக்கே காய்ந்து கல்லாகக் கிடந்தது. நாச்சிக்கரட்டுக்கு அது என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. பிரதீபாவின் நகப்பாலிஷ் புட்டியைப் பிடுங்கி, நடுக் கட்டத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அவன் கையை ஆட்டினான். அவள் தூரிகையை ஆட்டினாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கரடு திரும்பிப் போக ஆரம்பித்தது. அவசரம் ஒன்றும் இல்லை, வந்த மாதிரியே நிதானமாகப் போனது. முருங்கை மரத்தை விட்டது, குப்பைமேட்டை விட்டது, புளியந்தோப்பை விட்டது. கரட்டைச் சுற்றிப் போகக் கருத்தபாண்டி அப்போதுதான் ஒரு பாதை வெட்டி முடித்திருந்தான், அவன் புலம்பல் ஒரு மாதம் ஓயவில்லை. நிழலை நம்பிப் பெண் கொடுத்த இரண்டு சம்பந்திகளும் வந்து சண்டை பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி மணியைத் திரும்பச் சேர்த்தபோது பிள்ளைகள் அழுதார்கள். சக்களத்தி கோபித்துக்கொண்டு போகிறாளா என்று வெயிலாள் கேட்டதற்கு, அவளுக்கு வந்த வேலை முடிந்துவிட்டது என்று அரசி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சலீம் பாய் மட்டும் விடாமல் ஆள் அனுப்பி, அந்தச் சிவப்பை எடுத்துவிடச் சொன்னார். மலையை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், அதை எடுக்கமுடியாது என்று அரசி சொல்லி அனுப்பினாள்.

ஆவணி பிறக்கும்போது உச்சி பழையபடி இரண்டாவது கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓடிவிட்டு வந்த தவமணி, வியர்வையோடு அடுப்படிக்குள் நுழைந்து, ஈரம் காயாத படத்தைக் கையில் வாங்கி, கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு வந்தது.

"அவள மட்டும் எம்புட்டுப் பெருசாப் போட்டுருக்க. நான் கடுகளவுதான் இருக்கேன்."

"அம்புட்டுத் தூரத்துல போயி நின்னா கடுகளவுதான் தெரிவீங்க," என்றாள் அரசி. "பெருசா வேணும்னா கிட்ட வந்து உக்காருங்க."

தவமணி பனியனைக்கூட மாற்றாமல் ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அரசி முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பலகையில் புதுத் தாளைக் குத்தினாள். முதலில் நெற்றி, பிறகு காது, பிறகு அவன் தாடையில் இருந்த பழைய தழும்பு என்று, கட்டம் எதுவும் போடாமல் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அடுப்பில் இட்லி வெந்து ஆவி தட்டியது.

பிரதீபா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உச்சி மறுபடியும் கம்பியத் தொடுதும்மா."

அரசி திரும்பிப் பார்க்கவில்லை.